மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு, ஒரு மஞ்சப்பையோடு

"எங்கப்பாவுக்கு ஒடம்பு முடியல, யாராச்சும் எடம் குடுங்க" என்று அன்று பேருந்தில் நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அப்பா போட்ட நிபந்தனை.

அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒரு நாள் சிறுநீர் அடியோடு நின்றுவிட்டது. குழாய் போட்டார்கள். இரண்டு முறை எடுத்துப் பார்த்தும் தானாகப் போகவில்லை. புதுக்கோட்டையில் லேசர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோம். முதல் தேதியை அப்பா தள்ளிப்போட்டார், இது இரண்டாவது. வாடகைக் காருக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டார்கள். கொடுத்திருப்பேன். "வாசல்ல கார் நின்னா தெருவே வந்து என்னன்னு கேக்கும். பஸ்ல போவோம்" என்றார். கல்யாண வீட்டு மஞ்சப்பை ஒன்றுக்குள், குழாயிலிருந்து சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை வைத்து, குழாயை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார்.

காலை 6.10 பேருந்து. சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். முகூர்த்த நாளா என்று பார்க்காமல் கிளம்பியது என் தவறு. ஏறும்போதே நிற்கத்தான் இடம் இருந்தது.

நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது நம் பேருந்துகளின் வழக்கம். பட்டுச்சேலையில் இருந்த ஒரு அக்கா கை நீட்டினார். "குடுங்கண்ணே, மடியில வச்சுக்கிறேன்."

"இருக்கட்டும்மா."

"அட, தூக்கிக்கிட்டு ஓடவா போறேன்? உள்ள தங்கமா இருக்கு?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் உரிமையோடு பையை இழுக்க, அப்பா வலியில் பல்லைக் கடித்தார். அக்காவின் பார்வை பையிலிருந்து வேட்டிக்குள் போன குழாயில் நின்றது. கையை எடுத்துவிட்டார்.

அப்பா என் காதருகே, "அறந்தாங்கில எறங்கி வீட்டுக்குப் போயிருவோம்" என்றார். திரும்பினால் மறுபடி வர மாட்டார், குழாயோடே இருந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அக்கா எழுந்தார். "உக்காருங்கண்ணே. நான் அறந்தாங்கில எறங்கிருவேன்." அப்பா உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தார். அறந்தாங்கி வந்தது. அக்கா இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி, எங்கள் பக்கம் திரும்பாமல், புதுக்கோட்டை வரை நின்றே வந்தார். அப்பாவும் இறங்குவோம் என்று சொல்லவில்லை. நன்றியும் நான் சொல்லவில்லை. சொன்னால் எதற்கென்று பக்கத்தில் கேட்பார்கள்.

இதே நிலையில் ஒருவரை அழைத்துப் போகிறவர்கள், கிளம்பும் முன் பையைக் காலி செய்துவிடுங்கள். குழாயைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டுங்கள். எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பையை இடுப்புக்கு மேலே தூக்கக் கூடாது, சிறுநீர் உள்ளே திரும்பும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பேருந்தில் இடம் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். பதினொன்றரை மணிக்கு அப்பா தானாகச் சிறுநீர் கழித்தார். ஊர் திரும்பிய பேருந்தில் அவருக்கு உட்கார இடம் கிடைத்தது. நின்றவர்கள் யாரிடமும் அவராகப் பையைக் கேட்டு வாங்கவில்லை. நீட்டியவருடையதை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.