இரண்டு தட்டு

கைப்பை பறிபோய், ஸ்கூடாய் கடைவீதியில் ஒரு லாரியின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்; டயரின் சூடான ரப்பர் வாடை மூக்கில் ஏற, லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் நாங்கள் ஜூடோ பழகிய பழைய பால் ஸ்டோர் கண்ணுக்குள் வருகிறது. இன்று அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அன்று ஒட்டுப்பால் நாற்றம் போகாத சுவர், முழங்காலைத் தேய்க்கும் கித்தான் பாய்கள், தகரக் கூரையில் மழை, அதையும் மீறிக் கேட்கும் 'தப் தப்'. பிடியில் சிக்கியவர் வலி தாங்காமல் இரண்டு தட்டுத் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும், கொஞ்சம் தாமதித்தாலும் என் ஜோடி சாந்தி, "வலிக்குது லா, விடுடி!" என்று கத்துவாள் என்பதால், ஆறு வருஷமாக மாலைதோறும் தட்டியதும் விட்டுவிடவே பழகிய கைகள் இவை.

சற்று முன், பையைப் பறித்தவனைப் பாய்ந்து பிடித்துக் குப்புறத் தள்ளி, கையை முறுக்கி அமுக்கிவிட்டேன். நான்தானா என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. வலியில் அவன் தார்ரோட்டை இரண்டு முறை அறைந்தான்.

விட்டுவிட்டேன். அவன் பையோடு ஓடியே போனான்.

"அலமாக்! புடிச்சிட்டு ஏன்மா விட்டீங்க?" என்று பதறுகிறார் பழக்கடைக்காரர்.

"அவன் தட்டுனானே," என்கிறேன்.