ஒரு பக்கம் மட்டும் குளித்த படகு

என் தம்பி வைரவனுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனதற்கு ஜாதகம் காரணம் இல்லை, குடி காரணம் இல்லை, முகவெட்டும் காரணம் இல்லை. அவன் படகு சுத்தமாக இருந்ததுதான் காரணம். வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரூர் குப்பத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்கள் சிரித்து முடித்து வருஷக்கணக்காகிறது.

எங்கள் கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாக மணலில் கிடக்கும். ஒவ்வொன்றின் இடுப்பிலும் பழுப்பும் பச்சையுமாகத் தண்ணீர்க் கறை இருக்கும். போல்ட்டு முடுக்கிய இடங்களில் துரு வழிந்திருக்கும். இஞ்சின் பக்கம் எண்ணெய்ப் புகை அப்பியிருக்கும். எங்களுக்கு அது அழுக்கு இல்லை, அந்த ஆள் கடலுக்குப் போகிறான் என்பதற்கு அத்தாட்சி. அந்த வரிசையின் நடுவில் ஒன்று மட்டும் புதிதாகப் பதித்த வாஷ்பேசின் போலப் பளபளக்கும். அது வைரவனுடையது. குப்பம் அதற்கு வைத்த பெயர் பாத்ரூம் போட்டு.

அவன் கடலுக்குப் போகாதவன் இல்லை. எல்லோரையும் போலத்தான் விடியும் முன் போகிறான், எல்லோரையும் போலத்தான் பாதி நாள் வெறும் வலையோடு திரும்பி வருகிறான். வித்தியாசம் கரையேறிய பிறகுதான். மற்ற ஆண்கள் நிழலைப் பார்த்துச் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள், இல்லையென்றால் கவிழ்ந்து படுத்துத் தூங்குவார்கள். இவன் படகைக் குளிப்பாட்ட ஆரம்பிப்பான். படகு குளித்து முடித்த பிறகுதான் அவன் குளியல், அதுவும் நான் கத்தினால்.

"உப்புத் தண்ணி காஞ்சா வெள்ளையா பூத்துக்கும்க்கா. அத்த நல்ல தண்ணி வுட்டு எடுக்கலன்னா அதுமேலயே அழுக்கு வந்து குந்திக்கும்" என்பான்.

நல்ல தண்ணீராம். லாரி வருகிற நாளில் ஒரு குடத்துக்காகப் பெண்கள் ஒருத்தி கொண்டையை இன்னொருத்தி பிடிக்கிற தெருவில், இவன் படகுக்கு இரண்டு குடம் கேட்டான். அன்றைக்கு அவனை அடிக்காமல் விட்டார்கள் என்றால் அது என் முகத்துக்காக. கரையில் மீன் விற்கிற தாயம்மா என்றால் கொஞ்சம் பயம் உண்டு, என் வாய் அப்படி.

பிறகு அவனே வேறு வழி கண்டுபிடித்தான். பெசன்ட் நகர் ஃப்ளாட்டுகளின் பின்புறம் ஏசி பெட்டிகளிலிருந்து நாளெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். அதில் உப்பே கிடையாது, காய்ந்தால் ஒரு புள்ளிகூட விழாது. வாட்ச்மேன்களைச் சிநேகம் பிடித்தான். அவர்களுக்குக் காரப்பொடி மீன், இவனுக்கு ஏசி தண்ணீர். கேன் கேனாகச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவான். வெயில் காலத்தில் மீன் குறைந்து எங்களுக்கெல்லாம் வயிறு எரியும்போது, ஏசி தண்ணீர் நிறைய வருகிறது என்று இவன் மட்டும் சீட்டி அடித்துக்கொண்டு திரிவான். எத்தனையோ தடவை தலையில் அடித்துக்கொண்டேன்.

என் சமையற்கட்டும் தப்பவில்லை. துருக் கறைக்கு என் புளி, பழுப்புக் கறைக்கு என் எலுமிச்சம்பழம். ஒரு தடவை புத்தி கெட்டுப்போய்ப் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துவிட்டான். கறையோடு பளபளப்பும் போய், அந்த இடம் மட்டும் சாணிக் காகிதம் மாதிரி மங்கிவிட்டது. இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதிலிருந்து ஆசிட் என்ற சொல்லைச் சொன்னாலே முகம் கோணும். கடைசியாகக் காருக்குத் தடவுகிற மெழுகில் வந்து நின்றான். கழுவிக் காயவைத்து மெழுகு தேய்த்துவிட்டால் கறை ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடுமாம். அதையும் பச்சை நார் போட்டுத் தேய்க்க மாட்டான், கீறல் விழும் என்று பழைய பனியன் துணிதான். தன் பனியனைக் கிழித்துவிட்டு வெறும் சட்டையோடு திரிந்த நாட்களும் உண்டு.

எங்கள் ஜனங்களில் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் அவன் படகைத்தான் பார்ப்பார்கள். எண்ணூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணின் தாய்மாமன், படகின் இடுப்பை விரலால் தடவி, விரலைத் திருப்பிப் பார்த்து, "ஷோரூம்லர்ந்து எப்ப எடுத்தீங்கோ" என்று கேட்டார். படகுக்கு அப்போது எட்டு வயது. காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் படகைப் பார்த்துவிட்டு, பையன் வேறென்ன வேலை செய்கிறான் என்று என்னிடம் தனியாக விசாரித்தார்கள்.

இப்படியே முப்பத்தைந்தைத் தொட்டான். அப்போதுதான் தமிழ்நிலா வந்தாள். அடையாற்று முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், பட்டினப்பாக்கத்துப் பெண். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை. கடை லீவு நாளில் கூட வேலை செய்கிற பெண்களோடு கடற்கரைக்கு வந்தவள், இவன் படகில் சாய்ந்து நின்றிருக்கிறாள். வேறு எவனாக இருந்தாலும் பேர் கேட்டிருப்பான். இவன், "சாயாதீங்க, மெழுகு காயல" என்றிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். அப்படி ஆரம்பித்ததுதான். ஆறு மாதம் போனிலேயே பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் என் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவங்க நைனா போட்ட பாக்கணும்னு சொல்லிட்டாருக்கா" என்றான். "இந்தப் பொண்ணு போச்சுன்னா எனக்கு வேற பொண்ணு பாக்காத."

அவன் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததே இல்லை. புயலில் மாட்டித் திரும்பிய அன்றுகூடப் படகில் எங்கே கீறல் என்றுதான் பார்த்தவன். என் மனசு இளகிப்போனது.

பெண்ணின் அப்பா சின்னப்பையனை எனக்குக் கேள்விப்பட்ட வகையில் தெரியும். ஆற்றின் இரண்டு கரையிலும் கடும் உழைப்பாளி என்று பேர். முகத்துவாரத்திலேயே அழுக்கான படகு அவருடையதுதான், கறை ஒரு சாண் உயரம் ஏறியிருக்கும் என்பார்கள். அந்த மனுஷர் பாத்ரூம் போட்டைப் பார்த்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"டேய், ஒரு வாரம் போட்டத் தொடக்கூடாது" என்றேன். "கரைல ஏத்தாத. ஆத்துல கட்டிப் போடு. கடலுக்குப் பக்கத்துப் போட்டு அன்வர் பாஷாவோட போ."

"ஆத்துலயா?" என்றான், பெற்ற பிள்ளையைச் சாக்கடையில் இறக்கச் சொன்னதுபோல.

அடையாற்றுத் தண்ணீர் எதன் மேல் பட்டாலும் அடையாளம் போடாமல் விடாது. மெழுகாவது மண்ணாவது, நாலாம் நாளே கோடு விழுந்தது. வாரம் முடிவதற்குள் படகின் இடுப்பைச் சுற்றிக் கருப்பும் பழுப்புமாக ஒரு பட்டை. எனக்கு ஒட்டியாணம் போட்ட மாதிரி அழகாகத் தெரிந்தது. அவன் மெழுகுத் துணியை ஒளித்து வைத்தேன், ஏசி தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். அவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அவர்கள் வருகிற நாளில் காலையிலேயே நாலு பேரை வைத்துப் படகை மணலில் ஏற்றச் சொல்லிவிட்டு நான் கேசரி கிளறப் போனேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

சின்னப்பையன் வெள்ளை வேட்டியில், ஒவ்வொரு அடியாக மெதுவாக வைத்து மணலில் வந்தார். பெண்ணைப் பெற்றவரின் கெத்து என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் தமிழ்நிலா. அவர் கரைப் பக்கம் நின்று படகைப் பார்த்தார். கறையை விரலால் சுரண்டி முகர்ந்தார்.

"ஒழைக்கிற போட்டு" என்றார்.

எனக்கு அது போதும். "வாங்கண்ணா, கேசரி ஆறிப்போவுது" என்று திருப்பப் பார்த்தேன். ஆனால் படகுக்காரன் எவனும் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டான். முனையைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடல் பக்கம் பளபளவென்று இருந்தது. கறையும் இல்லை, துருவும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற என் முகமே அதில் மங்கலாகத் தெரிந்தது. நான் கேசரி கிளறுகிற நேரத்தில் இந்தப் பாவி, கடல் பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று, பாதியை மட்டும் குளிப்பாட்டிவிட்டான்.

"இன்னாம்மா இது" என்றார் சின்னப்பையன். "பாதி ஒழைக்குது, பாதி குந்திக்கினு கீதா? யார ஏமாத்தறீங்கோ?"

"அதுண்ணா, இந்தப் பக்கம் அலை வந்து வந்து அடிச்சி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வுடுக்கா" என்று வைரவன் முன்னால் வந்தான். "மாமா, இந்தப் பக்கந்தான் என் போட்டு. அந்தப் பக்கம் ஒங்களுக்காகப் பண்ணது."

எல்லாம் முடிந்தது என்று நான் மணலைப் பார்த்தேன். அவனோ கறையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த தெம்பில் பேசிக்கொண்டே கறைப் பக்கம் நடந்தான்.

"ஒரு வாரம் ஆத்துல நவுராம கட்டி வெச்சோம், தன்னால வந்துச்சி. வாங்க காட்றேன். பாருங்க, ஸ்கேல் வெச்சி இஸ்த்த மாதிரி நேரா கீது. கடலுக்குப் போற போட்டு அலைல ஆடிக்கினே கெடக்கும், அதுல கறை திட்டுத் திட்டாத்தான் வுழும். இப்டி நேர் கோடு நிக்கிற போட்டுலதான் வரும்."

தமிழ்நிலா கிட்டே வந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நைனா," என்றாள் மெதுவாக, "நம்ம போட்டுலயும் இப்டித்தான நேரா கீது."

குத்திக்காட்டவில்லை அவள். யோசித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே புரிந்தது.

அவர் உட்காரப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டியபடி, பொத்தென்று மணலில் இறங்கினார்.

"முட்டி போயி ரெண்டு வர்ஷம் ஆச்சி" என்றார். "வலை இஸ்க்க முடியல. ஆத்துல ஒடஞ்ச பாலத்துக்குப் பின்னால போயி நங்கூரத்தப் போட்டுட்டு சொம்மா குந்திக்கினு இருப்பேன். வெயில் ஏறுனதும் வந்து மீன் படலன்னு சொல்லிடுவேன். எவன் வலைலயுந்தான் படலயே. ஒருத்தனும் கேக்கல."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல" என்று தமிழ்நிலா அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னான்னு சொல்ல? ஒன் சம்பளத்துலதான் துன்றேன்னா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண் கேட்க நின்ற இடத்தில் அழுகிறோமே என்று என் மேலேயே கோபமும் வந்தது. அந்த நேரம் பார்த்து என் தம்பி அவர் பக்கத்தில் குந்தி, "மாமா, கவலப்படாதீங்க. மொதல்ல புளி, அப்பறம் ஏசி தண்ணி. அந்தக் கறைய ஒரே நாள்ல எடுத்துத் தர்றேன்" என்றான். கேசரிச் சட்டியாலேயே அவனை அடித்திருப்பேன்.

சின்னப்பையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எடுக்காத" என்றார். "அந்தக் கறைய பாத்துத்தான் எனக்கு இன்னும் நாலு பேரு வணக்கம் வெக்கறான். அதுவும் போச்சின்னா எங்கிட்ட இன்னா கீது? பொண்ண கட்டிக்கோ. தை மாசம் வெச்சிக்கலாம். ஆனா என் போட்டு மேல மட்டும் கைய வெக்காத."

சாவு வீட்டுக்குப் போன இடத்தில்கூட, அங்கே நின்ற படகில் எச்சில் தொட்டுத் துரு துடைத்தவன் வைரவன். மடியில் கிடந்த அவன் விரல்கள் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். தமிழ்நிலாவும் பார்த்தாள்.

"சரி மாமா" என்றான்.

இப்போது நிச்சயம் ஆகிவிட்டது. பட்டினப்பாக்கம் போகும்போதெல்லாம் மாமனார் படகு கட்டியிருக்கிற பக்கம் திரும்பாமல், தலையைக் குனிந்துகொண்டு, வேகமாக நடந்து போகிறான்.