ஆறரை இஞ்ச் ஸ்பீக்கரும் பாதியில் நின்ற கண்ணாடியும்

என் காரின் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி பாதியில் நிற்கிறது. மேலே ஏறாது, கீழேயும் இறங்காது. மட்டாஞ்சேரி மழைக்குப் பயந்து ஒரு பாலித்தீன் கவரை மடித்து செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் "எந்து பற்றி சாரே?" என்று மலையாளத்தில் விசாரிக்கிறார்கள்.

என்ன ஆச்சு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றினேன்... அவ்வளவுதான்.

ஸ்பீக்கருக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்? அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கும் தெரியாது.

எங்கள் வீடு சந்துக்குள் இருக்கிற பழைய வீடு. சுவர் அத்தனை கனம். செல்போன் சிக்னல் வாசலோடு திரும்பிப் போய்விடும். அதனால் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகள் நித்யாவோடு பேசுவதற்கென்றே, ஞாயிறு மாலைகளில் நானும் மனைவி கோமதியும் காரை எடுத்துக்கொண்டு போட் ஜெட்டி பக்கம் போய் நிறுத்துவோம். புளூடூத்தில் போட்டால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம். வீட்டு வரவேற்பறை மாதிரி, எங்களுக்கு அந்தக் கார்.

ஆனால் கதவு ஸ்பீக்கர்கள் கிழிந்துபோய் பல காலம். யார் பேசினாலும் அப்பளம் நொறுக்குகிற சத்தம்தான். போன மாதம் நித்யாவே சொல்லிவிட்டாள்: "அப்பா, முதல்ல அந்த ஸ்பீக்கரை மாத்துங்க. ஒரு விஷயம் பேசணும்."

இதில் எது முக்கியம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஸ்பீக்கர் மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றே ஆரம்பித்துவிட்டேன். கோஆக்ஸியலா, காம்பொனென்ட்டா? ட்வீட்டர் தனியாக வேண்டுமா? வாட்ஸ் என்று பெட்டியில் போடுகிறார்களே, அதை நம்பலாமா? யூடியூபில் பஞ்சாபி, தெலுங்கு என்று பாஷை புரியாத வீடியோக்களைக்கூட விடவில்லை. சலூனில் தலையைக் கொடுத்துவிட்டு, கத்திரி வைத்திருந்தவருக்கு ஸ்பீக்கரின் பேஸ் சத்தம் பற்றி வகுப்பெடுத்தேன். பாவம், அவரால் எழுந்து போக முடியவில்லை.

கோமதி இடையில் ஒரு நாள் கேட்டாள். "ஏங்க, புள்ள என்னமோ பேசணும்னாளே... நான் மெசேஜ் போட்டேன். ரெண்டு பேர்கிட்டயும் சேர்த்துத்தான் சொல்வாளாம். நீங்க என்னன்னு கேளுங்களேன்."

"அதுக்குத்தானே ஸ்பீக்கர் வாங்கப் போறேன்" என்றேன். என்ன பேசப்போகிறாள்? கல்யாண விஷயமாக இருக்கும்.

கல்யாணம் ஏறக்குறைய முடிவான மாதிரிதான். பையன் கோயம்புத்தூரில் வேலை. வரனைக் கொண்டுவந்தவர் எங்கள் தெரு அண்ணாச்சி. மசாலா சாமான் வியாபாரம். பிழைக்க வந்து மட்டாஞ்சேரிக்காரராகவே ஆகிவிட்ட திருநெல்வேலிக்காரர். பையன் அவருடைய சொந்தத் தங்கை மகன். அடுத்த மாதம் உறுதி செய்வதாகப் பேச்சு.

ஸ்பீக்கர் வந்தது. தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப்புக்கா குறைச்சல்? கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இத்தனை வீடியோ பார்த்தவன் இன்னொருவரிடம் கொடுப்பேனா? கோமதியின் தையல் டேப்பை எடுத்துக் கதவு ஓட்டையின் அகலத்தை அளந்தேன். ஆறரை இஞ்ச். பிரமாதம். ஆழம்? அதை அளக்கவில்லை. ஸ்பீக்கரின் பின்னால் இருந்த மேக்னெட் ஒரு சம்புடம் அளவு இருந்தது. கதவுக்குள்ளேதான் கண்ணாடி இறங்கி வரும், அதற்கு இடம் வேண்டும் என்பது கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

கதவின் கிளிப்புகள் சில உடைந்தன. சில ஸ்க்ரூக்கள் மிச்சமாகிவிட்டன. டார்ச் பிடித்த கோமதி, "இது எங்க போகணும்?" என்று அவற்றைக் காட்டினாள். "எக்ஸ்ட்ரா கொடுத்திருக்கான்" என்றேன். ஒரு பாட்டுப் போட்டுப் பார்த்தேன். ஆஹா... கண் கலங்கிவிட்டது எனக்கு.

ஞாயிறு மாலை ஜெட்டி. சாயாக்கடை பக்கமாக நிறுத்தி, "ரெண்டு சாயா சேட்டா" என்று சொல்வதற்காகக் கண்ணாடியை இறக்கினேன். டொக். பாதியில் நின்றது. ஏற்றினால் மோட்டார் முனகியது, கண்ணாடி அசையவில்லை. சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்போதே நித்யாவின் கால்.

"அப்பா... கேக்குதா?"

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. நான் பூரித்துப்போய், "எப்படி, பார்த்தியா? ட்வீட்டர் தனி" என்று ஆரம்பித்தேன். கோமதி என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்" என்றாள் நித்யா. "அவர் நல்லவர்தான். ஆனா நான் வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துரணுமாம். இதுக்காகவா இத்தனை கஷ்டப்பட்டுப் படிச்சு வந்தேன்? போன மாசமே சொல்ல வந்தேன். கேக்கல, கேக்கலன்னீங்க. கத்திச் சொல்ற விஷயமாப்பா இது?"

வெளியே யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தால், சாயாக்கடை பெஞ்சில் கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார்... அண்ணாச்சி.

பதறிப்போய் கண்ணாடி ஸ்விட்சை அமுக்கினேன். முனகல்தான் வந்தது. வால்யூமையாவது குறைக்கலாம் என்று திருகினேன். எந்தப் பக்கம் திருகினேனோ, "என்னால முடியாதுப்பா" என்று என் மகள் ஜெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். போட்டுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுத்தமான சவுண்ட். அதில் குறையே சொல்ல முடியாது.

அண்ணாச்சி எழுந்து வந்தார். பாதிக் கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டினார். என்ன சொல்லிச் சமாளிப்பது? மன்னிப்பா, நாள் தள்ளிவைப்பா, நெட்வொர்க் கோளாறா?

அவர் என் பக்கமே பார்க்கவில்லை. ஸ்டீரியோவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நித்யா, அண்ணாச்சி பேசுதேன்மா. எல்லாம் கேட்டுட்டேன். வேலையை விடச் சொன்னானா? அது எனக்கே தெரியாதே. தங்கச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சாரமில்ல, பரவாயில்ல. நீ மனசப் போட்டு உழப்பாம டூட்டிக்குப் போ."

அந்தப் பக்கம் நித்யா அழுதாள். நிம்மதியான அழுகை. அதையும் புது ஸ்பீக்கர் அப்படியே கொடுத்தது. என் கண்ணும் நிறைந்தது. இந்த முறை பேஸுக்காக இல்லை.

போகும்போது அண்ணாச்சி என் தோளில் தட்டினார். "தம்பி, செட்டு பிரமாதம், அடிபொளி."

யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒருத்தர் "பேசணும்" என்றால், நம்மைப் போன்றவர்களுக்கு ஏன் முதலில் கருவிதான் ஞாபகம் வருகிறது? நெட்வொர்க் சரியில்லை, போன் பழசு, ஸ்பீக்கர் கிழிசல்... இதையெல்லாம் சரிசெய்ய எத்தனை பாடுபட்டேன். "என்னம்மா விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், கிழிந்த ஸ்பீக்கரே போதுமாக இருந்திருக்கும். பெரிய பேஸ் நிபுணர் நான்.

நேற்று மழை பாலித்தீனைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. நனைந்த சீட்டைத் துடைத்தபடி, "தோப்பும்படிக்குப் போயி கண்ணாடியைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்றேன்.

கோமதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது அப்படியே இருக்கட்டும். உள்ள இருக்குறவர்கிட்ட சொல்றதைவிட, வெளிய நிக்கிறவங்க காதுல விழுந்தாத்தான் காரியம் நடக்குது."