பையில் நிரப்பிய மணல்

மாரிமழையோடு செய்யும் காலபோக விதைப்புக்கு முன்னால், காய்ந்து கிடக்கும் வயலில் எங்கள் பக்கம் மாட்டுப்பட்டி கட்டுவார்கள். இரவில் மாடுகளை அடைக்கும் இடத்தை மூன்று நாளைக்கொரு தரம் மாற்றினால், வயல் முழுக்கச் சாணமும் மூத்திரமும் ஊறிவிடும். என் கணவருக்கு அதில் தனிப் பிடிப்பு. தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, மன்னார்ப் பக்கம் உயிலங்குளத்தில் தகப்பனின் காணிக்குத் திரும்பியவர். வயல் வேலையைக் கேட்டுக் கேட்டே பழகினார்.

யூரியா கிடைக்காத வருடம் எருவை மட்டும் நம்பி விதைத்தோம். பயிர் மஞ்சளித்து, விளைச்சல் விதைநெல்லுக்குக்கூடப் போதாமல் போயிற்று. அடுத்த போகம் யூரியா வந்தது. பட்டி கட்டின வயலுக்கு வழக்கமான அளவில் பாதி போதும் என்றார் இவர். மிச்ச அரை மூடையைக் கட்டி அலுமாரிக்குப் பின்னால் வைத்தார்.

"இந்த முறையும் விளைச்சல் பிழைச்சுப்போனால் நான் கட்டாருக்கு வேலைக்குப் போறன்," என்றார். சும்மா சொல்கிற ஆள் இல்லை.

ஒருநாள் பக்கத்து வயலைவிட எங்கள் பயிர் வெளிறித் தெரிந்தது. அவர் போய்விடுவார் என்று பயந்தேன். பொறுமை எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது! அவர் மன்னாருக்குப் போன நேரம் பார்த்து, அந்த அரை மூடையையும் கொண்டுபோய்ப் பயிருக்கு வீசி எறிந்துவிட்டேன். வெறும் பைக்குள் மணலை அள்ளிப் போட்டுக் கட்டி, பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஒரு கிழமையில் வயல் கறுத்துப் போயிற்று, அப்படி ஒரு பச்சை. இவர் வரம்பில் நின்று சிரித்தார். எல்லாம் எருவின் குணம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நானும் ஓம் ஓம் என்றேன்.

கதிர் முற்றுகிற நேரம் மழை பிடித்தது. பக்கத்து வயல்கள் நின்றன. எங்கள் நெல் தண்டு கொழுத்து, இளகி, அப்படியே படுத்துவிட்டது. வெட்டுகிற மெசினுக்கு எடுபடவில்லை. தண்ணீருக்குள் கிடந்து கதிரிலேயே முளைத்தது. எரு கூடிவிட்டது, தன் கணக்குப் பிழை, தனக்கு வயல் சரிவராது என்றார் இவர். அப்போது நான் சொல்லியிருக்கலாம். மற்ற நேரமெல்லாம் ஓயாத வாய், பாழாய்ப்போன வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

அவர் கட்டாருக்குப் போய்விட்டார்.

அடுத்த காலபோகத்துக்கும் பட்டி கட்டினேன். அவர் சொன்ன பாதி யூரியாவை மட்டும், அவர் செய்த மாதிரியே பிரித்துப் பிரித்து எறிந்தேன். மழையும் வந்தது, காற்றும் வந்தது. நெல் நின்றது. அறுவடைக்கு முதல் நாள் போனில் வயலைக் காட்டினேன். அவர் கனநேரம் பார்த்துவிட்டு, இந்த முறை எப்படிப் படுக்காமல் நின்றது என்று கேட்டார்.

"நீங்கள் சொன்ன பாதிதான் போட்டனான். போன முறை மிச்ச யூரியாவையும் நான்தான் எறிஞ்சனான். அந்தப் பைக்குள்ளை இருந்தது மணல்."

ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நான் பிழைவிடேல்லை," என்றார் மெதுவாக.

எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்றார். பிறகு, வயலை இன்னொருக்கால் காட்டச் சொன்னார்.