அண்ணாந்து பார்க்க ஒரு நாய்

என் வீட்டுக்காரர் தனபால் என் காது உயரம்தான் இருப்பார். அது ஒரு குறையே இல்லை. ஆனால் ஊரையே அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும் என்று அவர் துடித்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊர் கணபதியில், எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் காயில் பட்டறை வைத்திருக்கிறார். உழைப்பாளி. தொழிலில் ஒரு பொய் பேச மாட்டார். வீட்டுக்கு லாரி நுழையும் அகலத்தில் கேட் போட்டார். உள்ளே நிற்பது ஒரு ஸ்கூட்டர். கல்யாணப் போட்டோவில் என்னை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்தார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பிறகுதான் கிரேட் டேன் என்கிற ராட்சத ஜாதி நாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்து ஜமீன் என்று பேர் வைத்தார்.

முதல் தடுப்பூசியின்போதே கால்நடை டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

"இந்த ஜாதி ஒண்ணரை, ரெண்டு வயசு வரைக்கும் வளருமுங்க. மெதுவா வளரட்டும். பெரிய ஜாதிக் குட்டிக்குன்னே தீனி இருக்குது, அதை மட்டும் அளந்து போடுங்க. கால்சியம் தனியாக் குடுத்துப்போடாதீங்க, எலும்பு கெட்டுப்போயிரும்."

இவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் காற்றில் போயிற்று. கொடுமுடிப் பக்கம் மாடு வளர்த்த குடும்பம். கன்றுக்குக் கொடுத்ததுதான் இவருக்குத் தெரிந்த வைத்தியம். எருமைப்பால், முட்டை, அதற்கு மேல் மாட்டுத்தீவனக் கடையில் விற்கும் கால்சியம் டானிக், கேனோடு.

"ஏனுங்க, டாக்டரம்மா வேண்டாம்னாங்கல்ல?"

"நீ சும்மா இரு புவனா. விலாவெலும்பு தெரியற நாயைக் கட்டி வெச்சா, சோறு போடாத ஊடுன்னு பேசுவாங்க."

எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. விருந்தாளியை இலையிலிருந்து எழவிடாமல் பரிமாறுகிற ஆட்கள் நாங்கள். அந்த உபசாரத்தை ஒரு வாயில்லா ஜீவன் மேல் கொட்டினார்.

ஜமீன் மளமளவென்று வளர்ந்தான். தெருவே நின்று பார்த்தது. ஐந்தாம் மாதம் முன்னங்கால்கள் வளைந்தன. ஓடி வருகிறவன் பாதியில் உட்கார்ந்து முனகினான்.

கிளினிக்கில் டாக்டரம்மா காலைத் தொட்டதும் வீறிட்டான்.

"கால்சியம் ஏதாச்சும் குடுத்தீங்களா? ஒளிக்காம சொன்னாத்தான் வழி பாக்க முடியுங்க."

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெளி ஆட்கள் முன்னால் புருஷன் பேச்சை மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள்தான் நான். அந்தப் பாழாய்ப்போன மரியாதைக்கு ஒரு குட்டியின் கால் போக வேண்டுமா?

"குடுக்கறாருங்க. மாட்டு டானிக், ரெண்டு வேளையும்" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை. வீட்டுக்கு வந்து கேனைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அன்றிலிருந்து தீனியை நானே அளந்து போட்டேன். பாதி வளைவு நிமிர்ந்தது. மீதி இனி நிமிராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

இப்போது ஜமீனுக்கு இரண்டு வயது. தலை அவர் நெஞ்சுக்கு வருகிறது. ஆசைப்பட்ட உயரம் வந்துவிட்டது, நடைதான் நொண்டி. போன வாரம் அவர் பங்காளி பொங்கியண்ணன் வந்திருந்தார்.

"எத்தாச்சோடு நாயி! ஏனப்பா, காலு இப்படி?"

"காரு அடிச்சுப்போட்டுதுங்க" என்றார் இவர், கொஞ்சமும் கூசாமல்.

காபி டம்ளரை டொக்கென்று வைத்தேன். "அந்தக் காரை ஓட்டுனது ஆருன்னும் சொல்லிப்போடுங்க."

பொங்கியண்ணன் காபியைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். ஜமீன் இரண்டு தடவை முயன்று எழுந்து, நொண்டிக்கொண்டே போய் இவர் மேலேயே சாய்ந்து நின்றான். அதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.