பாரியின் பஸ் டிக்கெட்

இந்தப் பத்திரிகையை எந்த அறையில் உட்கார்ந்து படிக்கிறீர்கள்? அந்த அறைக்குள் காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

பாரியைக் கேட்டால் சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவார். எந்த வாசலுக்குள் நுழைந்தாலும் அவர் முகம் மேலே போகிறது, கை சட்டைப் பைக்குள் போகிறது. கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்று வெளியே வருகிறது. அதை நீளவாக்கில் கிழித்து, பழைய ரேடியோ ஏரியல் ஒன்றின் நுனியில் செருகி, கூரையில் காற்று வரும் சல்லடைக்கு நேராக, தாள் ஆடுகிறதா என்று நீட்டிப் பார்க்கிறார். வங்கியில் நீட்டிக் காவலாளியிடம் திட்டு வாங்கியிருக்கிறார். "கல்யாணத்துக்குப் போனா பொண்ணு மாப்ளயப் பாக்கணும். இந்த மனுசன் மேல கீற ஓட்டையப் பாத்துகினு நிக்கிறாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார் அவர் மனைவி ரமாபாய். வியாசர்பாடியில் அவர்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு ஜன்னலைக்கூட மூடவிட மாட்டார். மழை பெய்தாலும் சரி.

குள்ளமான உருவம். முன்னங்கை முழுக்கத் தகரம் கிழித்த கோடுகள். ஏசிக் குழாய்மேல் சுற்றும் கண்ணாடிப் பஞ்சு ஒட்டி மின்னும் தலைமயிர். உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. நாலு அடி இந்தப் பக்கம், நாலு அடி அந்தப் பக்கம், அதற்குள் டம்ளர் காலி.

பெரிய கட்டடங்களில் பொய்க் கூரைக்கு மேலே, நம் கண்ணுக்குத் தெரியாமல், ட்ரங்குப் பெட்டி அளவில் தகரப் பெட்டிகள் தொங்குகின்றன. குளிர்ந்த காற்று பெரிய குழாயிலிருந்து இந்தப் பெட்டிக்குள் வந்து, பிறகுதான் நம் தலைமேல் இறங்குகிறது. பெட்டிக்குள் ஒரு தகரக் கதவு. அதைத் திருப்ப ஒரு குட்டி மோட்டார். சுவரில் இருந்து அறையின் சூட்டை அளக்கும் தெர்மோஸ்டாட் சூடு என்று சொன்னால் கதவு திறக்கும், குளிர் என்று சொன்னால் மூடும். அந்தப் பெட்டிகளை மாட்டுவதும், மக்கர் செய்தால் சரிபார்ப்பதும்தான் பாரியின் பிழைப்பு.

ராயபுரத்தில் கப்பல் சரக்குக் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் அலுவலகம் ஒன்று. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூள் வந்து உட்காருகிறது என்று எல்லா ஜன்னலையும் ஆணியடித்து மூடிவிட்டார்கள். கூடம் நிறையப் பெண்கள், பெரும்பாலும் காசிமேட்டிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் வருகிறவர்கள். மத்தியானம் ஆனால் தலைவலி, வாந்தி. மெர்லின் என்ற பெண் நாற்காலியிலிருந்து மயங்கிச் சரிந்தாள்.

கட்டடம் எழும்பியபோது சாரத்திலிருந்து விழுந்து செத்த பெயின்டரின் ஆவி என்று பேச்சு கிளம்பியது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதனின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அவன் குடும்பம் என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. செத்த பிறகு பழி சுமக்க மட்டும் அவன் தேவைப்பட்டான். வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். மெர்லினின் அம்மா மாதா கோயில் எண்ணெயை மகள் நெற்றியில் பூசி அனுப்பினாள். பக்கத்து மேசை தாஹிரா தர்காவிலிருந்து கயிறு கொண்டுவந்தாள். மூன்று மதங்களும் இவ்வளவு ஒற்றுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. காற்று மட்டும் வரவில்லை.

பாரியை அழைத்தார்கள். ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மோட்டார் நன்றாகச் சுற்றியது, கதவு நன்றாகத் திரும்பியது. காலை நேரம், டிக்கெட்டும் ஆடியது. "எல்லாம் கரெக்டா கீது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் மெர்லின் மறுபடி விழுந்தாள். இன்னொரு முறை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேலாளர் செல்வநாதன் சொல்லி அனுப்பினார். மூன்று பேர் சாப்பிடும் சம்பளம் அது.

அந்தச் செய்தி காதில் விழுந்ததும் பாரிக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. அழைப்பை எதிர்பாராமல் மத்தியான நேரத்தில் போய் நின்றார். கூடத்தின் நடுவில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினார். அறைக்குள் காற்று எப்படி நகர்கிறது என்று பார்க்க அவருடைய இன்னொரு கருவி அது. சாமிக்காக ஒன்றுகூடக் கொளுத்தியதில்லை. ஆனால் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? மந்திரவாதி வந்துவிட்டார் என்று எழுந்து நின்று கும்பிட்டார்கள். தாஹிரா செருப்பைக் கழற்றினாள்.

"அய்ய! இன்னாம்மா, என்னியப் போயி கும்புட்டுகினு! செருப்பப் போடும்மா!"

புகை அசையவில்லை. கம்பிபோல நேராக நின்றது. நியாயம் கேட்க மேலாளரின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தவருக்குக் குளிரில் கை மயிர் சிலிர்த்தது. அங்கே மேலாளருக்கென்று தனி ஏசி குளுகுளுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால், சுவரில், கூடத்துப் பெட்டியின் தெர்மோஸ்டாட். பிறகு வந்த கண்ணாடித் தடுப்பு அதையும் சேர்த்து உள்ளே வளைத்துப் போட்டிருந்தது. மேலாளருக்குக் குளிர்ந்ததும் அது மேலே செய்தி அனுப்பும், கூடத்தின் கதவு மூடிக்கொள்ளும். கதவு முழுதாக மூடாமல் கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டையும் மின்கட்டணத்துக்காக யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். பெட்டி கெட்டுப்போகவே இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டது, அவ்வளவுதான்.

"சார், இத்த வெளிய மாட்டணும்."

"பில் எகிறும்பா. அதுங்க நீ பூஜை போட்டேன்னு நினைக்குதுங்க. நல்லதாப் போச்சு. ஆவி போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பு. அடுத்த கட்டடமும் உனக்குத்தான்."

பாரி வெளியே வந்தார். கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சார் ரூம்ல குளிர்ந்தா உங்களுக்கு மூடிக்குது. காத்துக்கு ஜாதி கெடையாதுன்னு எவனோ சொன்னான் பாரு, அவன இங்க இட்டாரணும். உள்ள ஒரு காத்து, வெளிய ஒரு காத்து!"

"நெசமாவா ண்ணா? எங்கம்மா எனக்குத்தான் பேய் புடிச்சிருக்குன்னு..." என்றாள் மெர்லின்.

"என்னிய நம்பாத. நீயே பாத்துக்க." கிழித்த டிக்கெட்டை அவள் கையில் கொடுத்தார்.

மெர்லின் மேசைமேல் ஏறினாள். செலோடேப்பால் தாளைச் சல்லடையில் ஒட்டினாள். அது செத்த பல்லி வால்போலத் தொங்கியது. தாஹிரா தன் பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்தாள். பிறகு எல்லாப் பைகளும் திறந்தன. சற்று நேரத்தில் கூரை முழுக்கத் தாள்கள், ஒன்றுகூட அசையவில்லை. கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரிந்தது.

"எல்லாம் உக்காந்து வேலையப் பாருங்க" என்று வந்தார் செல்வநாதன்.

"காத்து வரட்டும் சார், உக்காரறோம்" என்றாள் மெர்லின், மேசைமேல் நின்றபடியே. யாரும் உட்காரவில்லை. அவர் கூரையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், வழி விட்டு ஒதுங்கினார்.

பாரி தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒயரைத் தடுப்பின் இடுக்கு வழியாக இழுத்து, மெர்லின் மேசைக்குப் பக்கத்துத் தூணில் மாட்டினார். மேலே குட்டி மோட்டார் முனகியது. அது மெதுவாகத்தான் திரும்பும். அந்த நேரத்தில் பாரி கூடத்தை எத்தனை முறை குறுக்கே நடந்தார் என்று யாரும் எண்ணவில்லை. மெர்லின் தலைக்கு மேலிருந்த தாள் முதலில் நுனியைத் தூக்கியது. பிறகு படபடத்தது. பிறகு எல்லாமே.

பாரிக்கு அடுத்த கட்டடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால், "உட்டுத்தள்ளு" என்று சொல்லிக்கொண்டே நம் தலைக்கு மேல் பார்ப்பார். இந்த வரிகளை எழுதும்போதும், எதிரில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டல் கூரைச் சல்லடைக்கு ஏரியலை நீட்டிக்கொண்டிருக்கிறார். தாள் தொங்குகிறது. முதலாளியை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்.

உங்கள் பையிலும் ஒரு பழைய டிக்கெட் இருக்கும். நாளைக்கு வேலைக்குப் போனதும் உங்கள் தலைக்கு மேல் ஒட்டுங்கள். அது அசையாவிட்டால், தயவுசெய்து உட்காராதீர்கள்.