ஆஷாட மாதமும் என் நட்சத்திரமும்

நான் பூராடம். அந்த நட்சத்திரத்துப் பெண்ணுக்குத் தாலி தங்காது என்று வந்த வரன்களெல்லாம் திரும்பிப் போனதால், அம்மா என்னை உத்திராடம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எழுபதுகளில் நாங்கள் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் இருந்தோம்.

பக்கத்து வீட்டுக்குக் கல்கத்தாவிலிருந்து வாழ வந்த மிதாலிக்கு என் வயதுதான். ஒருநாள் மழையைப் பார்த்தபடி, தன் ஊரில் இது ஆஷாட மாதம் என்றாள். அவர்கள் பூர்வ ஆஷாடா என்று சொல்லும் நம் பூராடத்தை ஒட்டிப் பௌர்ணமி வருவதால் அந்தப் பெயராம். கோடை முழுக்க அதற்குத்தான் காத்துக்கிடப்பார்களாம். எல்லோரும் வேண்டாமென்ற பெயருக்காக ஓர் ஊரே காத்திருக்கிறதா என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நட்சத்திரம் கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள், "பூராடம் அத்தை" என்றேன்.

அவர் எழுந்து, என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

"மெதுவா பேசு லா. நானும் பூராடந்தான். மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

கூடத்தில் மாமா தேநீரை உறிஞ்சும் சத்தம் நன்றாகக் கேட்டது. அவ்வளவு தெளிவாக எந்த ஜோசியரும் எனக்குப் பலன் சொன்னதில்லை.